பஸ் கிளம்பும் முன் பேசிவிடுங்கள்

கேள்வி: நாங்கள் ஏற்காட்டுக்காரர்கள். 7 வருடமாக மலாவி நாட்டில், சோம்பா நகரில் மிஷனெரிகளாக இருக்கிறோம். பக்கத்து வீட்டில் கென்யாவிலிருந்து வந்த ஊழியக் குடும்பம். அந்த அம்மா எனக்குக் கூடப்பிறக்காத அக்கா. அடுத்த மாதம் பணி முடிந்து அவர்கள் ஊரோடு திரும்புகிறார்கள். பணித்தளத்தில் இப்படி நெருங்கியவர்களைப் பிரிவது எங்களுக்கு இது நாலாவது தடவை. கொஞ்ச நாளாக எனக்கும் அந்த அக்காவுக்கும் சின்னச் சின்ன மனத்தாங்கல், பேச்சே குறைந்துவிட்டது. 9 வயது மகள், "இனிமே எனக்கு ஃப்ரெண்டே வேணாம்மா" என்கிறாள். அழுதால், "பரலோகத்தில் பார்ப்போம், விசுவாசி அழலாமா?" என்கிறார்கள் சகோதரர்கள். இப்போது விடுப்பில் அம்மா வீட்டில் இருக்கிறேன். அவர்கள் கிளம்பிய பிறகே திரும்பலாமா?
- ஏற்காடு வாசகி

பதில்: அன்புத் தங்கைக்கு, டிக்கெட்டைத் தள்ளிப் போடாதீர்கள். அவர்கள் வீட்டைக் காலி செய்வதற்குள் போய்ச் சேருங்கள்.

14 வயதில் எனக்கு ஏற்காட்டில் ஓர் உயிர்த்தோழி. அவள் அப்பாவுக்கு மாற்றலாகி, குடும்பமே வடக்கே கிளம்பியது. அன்று பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். போய், ஆரஞ்சுக் கூடைகள் அடுக்கியிருந்த ஒரு கடைக்குப் பின்னால் நின்றுகொண்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் தூக்குச்சட்டியை வைத்துக்கொண்டு, அவள் கூட்டத்துக்குள் என்னைத் தேடுவது நன்றாகத் தெரிந்தது. பஸ் போய்விட்டது. 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி அவள் சேலம் சேர்ந்திருப்பாள், நான் அந்தக் கடையை விட்டு நகரவில்லை. அழக்கூடாது என்றுதான் ஒளிந்தேன். அந்த அழுகை பல வருடம் கழித்தும் வந்தது.

மனத்தாங்கலுக்குப் பெரிய காரணம் தேடாதீர்கள். பிரிவு நெருங்கினால் மனசு முன்கூட்டியே விலகப் பார்க்கும். கோபித்துக்கொண்டால் பிரிவது சுலபம் என்று அதற்கு ஒரு நினைப்பு. நாடுவிட்டு நாடு மாறும் குடும்பங்களோடு வேலை செய்த டேவிட் பொல்லாக், கிளம்புகிறவர்களுக்கு நாலு வேலை சொன்னார்: மனஸ்தாபத்தைத் தீர்ப்பது, நன்றியை வாய்விட்டுச் சொல்வது, விடைபெறுவது, போகிற இடத்தைப் பற்றி யோசிப்பது. இருக்கிறவருக்கும் முதல் மூன்றும் உண்டு. மனஸ்தாபம் தீராமல் சொல்லும் நன்றி நெஞ்சில் ஒட்டாது. "நீங்க போறதத் தாங்க முடியல, அதான் கடுகடுன்னு இருந்தேன்" என்று நீங்களே ஆரம்பியுங்கள்.

அழுகையைப் பற்றி. மிலேத்துவில் பவுல் எபேசு சபை மூப்பர்களிடம், இனி என் முகத்தைப் பார்க்க மாட்டீர்கள் என்று நேராகவே சொன்னார். முழங்கால்படியிட்டு ஜெபித்தார்கள், கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்கள், கப்பல்வரை கூடவே போனார்கள். அப்போஸ்தலர் 20ஆம் அதிகாரத்தை அந்தச் சகோதரர்களிடம் வாசித்துக் காட்டுங்கள்.

நமக்கு "போயிட்டு வரேன்" தவிர வேறு வாயில் வராது. வரப்போவதில்லை என்று தெரிந்த இடத்தில் அந்த வார்த்தை தொண்டையில் சிக்கும். சோம்பாவில் நீங்கள் தினம் கேட்கும் சிச்சேவா மொழியில் போகிறவர் 'ட்சலானி ப்வினோ', நல்லபடியா இருங்க, என்பார். இருக்கிறவர் 'பிட்டானி ப்வினோ', நல்லபடியா போங்க, என்பார். அதையே சொல்லுங்கள். விமான நிலையத்தில் வேண்டாம், அங்கே பெட்டி எடையும் பாஸ்போர்ட்டும்தான் பேச்சாக இருக்கும்.

மகளிடம் "வேற ஃப்ரெண்டு கிடைப்பா" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இழந்தது பெரிதில்லை என்றுதான் அது அவள் காதில் விழும். இப்படி ஊர் மாறி வளரும் பிள்ளைகளை 'மூன்றாம் கலாச்சாரக் குழந்தைகள்' என்றார் சமூகவியலாளர் ரூத் ஹில் உசீம். அவர் அதைக் கவனித்தது 1950களில், இந்தியாவில் வாழ்ந்த அமெரிக்கக் குடும்பங்களிடம். திரும்பத் திரும்பப் பிரிந்த பிள்ளைகள் மனசைப் பூட்டிக்கொள்வது உண்டு. அக்கா வீட்டுக் குழந்தையோடு இவளும் வீடு வீடாகப் போய் விடைபெறட்டும். சேர்ந்து விளையாடிய மரத்தடி, நாய்க்குட்டி எல்லாவற்றிடமும். தினமும் வீடியோ கால் என்று வாக்குக் கொடுக்க விடாதீர்கள். மாதம் ஒரு கடிதம் போதும், அது நடக்கும்.

ஏற்காட்டிலிருந்து காபித்தூள் கொண்டுபோவீர்கள் இல்லையா? ஃபில்டரையும் எடுத்துப் போங்கள். அக்கா வீட்டுப் பாத்திரமெல்லாம் பெட்டிக்குள் போன பிறகு, ஒரு காலையில் உங்கள் வீட்டு டபரா டம்ளர் இரண்டோடு போய், அந்த வெறுந்தரையில் இரண்டு பேரும் உட்கார்ந்து குடியுங்கள்.