மக்காச்சோளக் கதிரில் ஏன் பாதி மணிகளே பிடிக்கின்றன?

சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரச் சமூகத் தோட்டத்தில் ஒரே வரிசையாக நட்ட மக்காச்சோளம் ஆளுயரம் வளர்ந்தும் கதிர் பொக்கையாக இருக்கிறது, உரம் போதவில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் மகரந்தம் சேராததே காரணம். கதிர் நுனியில் தொங்கும் ஒவ்வோர் இழையும் ஒரு மணிக்கு உரியது. உச்சியிலுள்ள ஆண் பூங்கொத்திலிருந்து காற்றில் உதிரும் தூள் அதில் படாவிட்டால் அந்த இடம் வெறுமைதான். அடுக்குமாடி புளோக்குகளுக்கு நடுவே காற்றை நம்ப முடியாது. ஒரே வரிசையாக இல்லாமல், நாலு வரிசை, வரிசைக்கு நாலு செடி எனச் சதுரமாக நடுங்கள். காலையில் பூங்கொத்தைத் தாளில் உதறி, தூளை இழைகளின்மேல் தூவுங்கள்.

இந்தப் பயிரே மனிதக் கையால் உருவானது. சுமார் 9000 ஆண்டுகளுக்கு முன் தெற்கு மெக்சிகோவில் தியோசின்டே என்ற காட்டுப்புல்லிலிருந்து உழவர்கள் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்தார்கள். அந்தப் புல்லில் ஏறத்தாழப் பத்து மணிகள்தான், அதுவும் கெட்டியான ஓட்டுக்குள்!