தலையில் சீழ்வீக்கம்: கீற வேண்டாம்!

கேள்வி: வணக்கம் டாக்டர். என் மகனுக்கு ஆறு வயது. சில மாதங்களுக்கு முன் உச்சந்தலையில் ஐந்து ரூபாய் நாணய அளவுக்கு முடி கொட்டியது. புழுவெட்டு என்று என் மாமியார் சின்ன வெங்காயத்தைத் தேய்த்துவிட்டார். பிறகு மெடிக்கலில் கேட்டு ஒரு களிம்பு போட்டோம். அரிப்பு அடங்கியது, சொட்டை மட்டும் பெரிதாகிக்கொண்டே போனது. இப்போது அந்த இடம் வீங்கி, கொழகொழவென்று சீழ் வடிகிறது. கீறிவிடலாம் என்று ஒருவரும், மொட்டை போட்டால் சரியாகும் என்று இன்னொருவரும் சொல்கிறார்கள். முடி திரும்ப வளருமா? பள்ளிக்கு அனுப்பலாமா? வீட்டில் பூனைக்குட்டி வேறு இருக்கிறது.
– ஒரு வாசகி, தென்காசி மாவட்டம்

பதில்: அம்மா, யார் சொன்னாலும் கீற விடாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் சாதாரணக் கட்டியாகத் தெரியவில்லை. தலையில் வந்த படர்தாமரை முற்றி, அந்தப் பூஞ்சையை எதிர்த்து உடம்பே கிளப்பிய வீக்கமாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். கெரியான் என்போம். அதில் கத்தி வைப்பதால் பலன் இல்லை, தழும்புதான் விழும். தழும்பு விழுந்த இடத்தில் முடி முளைக்காது.

புழுவெட்டில் தோல் வழவழவென்று இருக்கும், சீழ் பிடிக்காது. படர்தாமரையில் செதில் உதிரும், முடி ஒடிந்து கருப்புப் புள்ளிகளாக நிற்கும், பின்கழுத்தில் நெறி கட்டும். ஆரம்பத்தில் வீட்டில் இருப்பவர்களுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். மாமியாரைக் குறை சொல்லாதீர்கள்.

என் கோபமெல்லாம் அந்தக் களிம்பின் மேல்தான். அரிப்பு சட்டென்று அடங்கி, சொட்டை மட்டும் பரவியது என்றால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். அது தோலின் எதிர்ப்பை அமுக்கிவிடும், பூஞ்சை தாராளமாகப் பரவும். இப்படிப்பட்ட களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-லேயே அறிவித்தது. இன்னும் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கிறார்கள். டியூபைத் தூக்கிப் போடாமல் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

ஸ்டீராய்டு இல்லாத களிம்பாக இருந்தாலும் அது மட்டும் போதாது. பூஞ்சை முடிக்குள்ளும் வேர்க்காலிலும் குடியிருக்கிறது, மேலே பூசுவது அங்கே போய்ச் சேராது. மொட்டை அடித்தாலும் வேர் உள்ளேயேதான் இருக்கும், புண்ணின் மேல் கத்தி பட்டு ரணமாவதுதான் நடக்கும். மாத்திரைதான் வழி. கிரிசியோஃபல்வின் என்ற பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் மாத்திரை வருவதற்கு முன், அதாவது 1950-களின் கடைசி வரை, குழந்தைகளின் தலையில் எக்ஸ்ரே கதிர் பாய்ச்சி முடியை உதிர வைத்தார்கள். அந்தக் கொடுமை இன்று இல்லை. எடைக்கு ஏற்ற அளவைத் தோல் மருத்துவர் எழுதித் தருவார். பால் குடித்த பிறகோ நெய்ச் சோறு சாப்பிட்ட பிறகோ கொடுத்தால் மருந்து நன்றாக உடம்பில் சேரும். பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வாரம். இரண்டாவது வாரத்தில் சீழ் வற்றியதும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

நாளைக்கே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போங்கள். நாலைந்து முடியைப் பிடுங்கி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். முடி வளருமா என்று கேட்டீர்கள். தழும்பாகும் முன் மருந்து தொடங்கிவிட்டால் பெரும்பாலும் வளர்ந்துவிடும், சில மாதம் ஆகும். வீக்கம் இந்த அளவுக்கு வந்திருப்பதால் சிறு இடம் சொட்டையாகவே நிற்கலாம். அதனால்தான் இத்தனை அவசரப்படுத்துகிறேன்.

சிகிச்சை தொடங்கிவிட்டால் பள்ளிக்கு அனுப்பலாம், நிறுத்தத் தேவையில்லை. சீப்பு, துண்டு, தொப்பி, தலையணை மட்டும் தனியாக இருக்கட்டும். வீட்டில் மற்ற குழந்தைகளின் தலையையும் வெளிச்சத்தில் பிரித்துப் பாருங்கள். பூனைக்கும் எங்காவது முடி கொட்டியிருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள், அதற்கும் வைத்தியம் உண்டு. துரத்திவிட வேண்டாம்.