முட்டிக்கு எது, கணைக்காலுக்கு எது?

இந்த மாதக் கடிதங்களைப் பிரித்தால் ஒரே கால் கதைதான். ஒருவர் முட்டி வீங்கி எழுதுகிறார், ஒருவர் மகனின் கணைக்கால் கன்றிப்போய் எழுதுகிறார். எல்லோருக்கும் சேர்த்து முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். முட்டிக்கோ கணைக்காலுக்கோ காப்பு பேட் வாங்கக் கடைக்குப் போகும் முன், உங்கள் காலுக்கு என்ன ஆகப்போகிறது என்று யோசியுங்கள். அடி படுமா, தரையில் உரசுமா, இல்லை மணிக்கணக்காக உடம்பின் எடையைத் தாங்குமா? மூன்றும் வேறு வேறு சங்கதி, ஒன்றுக்குச் செய்ததை இன்னொன்றுக்குக் கட்டினால் கட்டினதும் ஒன்று, கட்டாததும் ஒன்று.

*மகனுக்குப் பதினொரு வயது, பள்ளியில் ஃபுட்பால் ஆடுகிறான். அடுத்த வருஷமும் ஆகட்டும் என்று ரெண்டு சைஸ் பெரிசாக ஷின் பேட் (கணைக்கால் காப்பு) வாங்கினேன். ஓடும்போது சுற்றிக்கொண்டு பின்னால் போய்விடுகிறதாம். அவன் அக்கா ஹாக்கி ஆடுகிறாள். அவளுடையதை இவனுக்குப் போடலாமா?*
— ஒரு தாயார், சாட்ஸ்வொர்த்

அம்மா, பள்ளிக்கூடக் கால்சட்டையைப் பெரிசாக வாங்கி மடித்துத் தைக்கலாம், ஷின் பேடில் அந்த வித்தை நடக்காது. பேட் நகர்ந்துவிட்டால் முன்னெலும்பு திறந்துதான் கிடக்கும், அந்த எலும்புக்கு மேல் சதையே கிடையாது, தோலுக்கு அடியிலேயே இருக்கிறது.

பையனை பூட்ஸ் போட்டு உட்காரவைத்துப் பாருங்கள். பாதம் மடங்கும் இடத்துக்குச் சற்று மேலே தொடங்கி, முட்டிச்சிப்பிக்கு மூன்று நாலு விரல் கீழே முடிந்தால் அது அவன் அளவு. பாக்கெட்டில் போட்டிருக்கும் எஸ், எம், எல் எல்லாம் பெரும்பாலும் உயரத்தை வைத்துப் போட்டவை, அதனால் வயதைச் சொல்லி வாங்காதீர்கள், சென்டிமீட்டரில் அளந்துகொண்டு போங்கள். இந்த வயதுக்குக் கணுக்கால் மொட்டையும் மூடி, பாதத்துக்கு அடியில் பட்டி போகிற வகையே நல்லது, அது சுற்றாது. பெரிய பையன்கள் சாக்ஸுக்குள் வெறுமனே சொருகுவதைத்தான் விரும்புவார்கள், அவர்களுக்கு உள்ளே ஒரு இறுக்கமான உறை வேண்டும். அப்புறம், டிவியில் பெரிய ஆட்டக்காரர்கள் தீப்பெட்டி அளவுக்கு ஒன்றைச் சொருகிக்கொண்டு ஆடுவதைப் பார்த்து அவனும் கேட்பான். கொடுக்காதீர்கள். ஃபுட்பால் விதி 4 ஷின் கார்டைக் கட்டாயமாக்குகிறது, ஓரளவுக்காவது பாதுகாப்புத் தரும் பொருளாக இருக்க வேண்டும், சாக்ஸ் அதை மூட வேண்டும் என்கிறது. சின்னதாகப் போடு என்று எங்கும் சொல்லவில்லை.

ஹாக்கி பேட் வேறு கணக்கு. அந்தப் பந்து 156 முதல் 163 கிராம், கல் மாதிரி கெட்டி, அதோடு மட்டையும் காலைத் தேடி வரும். அதற்காகத்தான் அது தடிப்பாக, நீளமாக, பக்கவாட்டிலும் வளைந்து இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு ஃபுட்பால் ஆடினால் கனமாக இருக்கும், ஓட்டம் கெடும், அவ்வளவுதான். மகள் அவசரத்துக்குத் தம்பியுடைய ஃபுட்பால் பேடை மாட்டிக்கொண்டு ஹாக்கிக்குப் போவதுதான் கூடவே கூடாது.

ஆட்டம் முடிந்ததும் பேடைப் பையிலேயே போட்டு மூடாதீர்கள். டர்பன் ஈரக்காற்றில் மறுநாளே நாற்றமெடுக்கும், தோலில் தடிப்பும் வரும். சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் தொங்கவிட்டால் போதும்.

*இருபது வருஷமாக டைல்ஸ் வேலை. முட்டிச்சிப்பி மேல் நீர் கோத்த மாதிரி மெத்தென்று வீக்கம், வலி அதிகமில்லை. மலிவான நுரை பேட்தான் கட்டுகிறேன், மத்தியானத்துக்குள் பட்டி அறுக்கிறது, சில நாள் பாதத்தின் மேல்பக்கம் மரத்துப்போகிறது. முதலாளியிடம் கேட்டால் ‘உன் முட்டி, நீ வாங்கிக்கொள்’ என்கிறார்.*
— ஃபீனிக்ஸ் வாசகர்

அண்ணே, பேடை அப்புறம் பார்ப்போம், முதலில் முட்டி. தோலுக்கும் முட்டிச்சிப்பிக்கும் நடுவில் ஒரு மெல்லிய பை இருக்கிறது. தினமும் அதன் மேல் எடை விழுந்தால் அது கோபித்துக்கொண்டு நீர் சுரக்கும். டாக்டர்கள் பர்சைட்டிஸ் என்பார்கள். வலி இல்லாத வீக்கம் ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் வற்றிவிடும், பழையபடி வெறும் தரையில் மண்டியிட்டால் திரும்பி வரும். ஆனால் அந்த இடம் சிவந்து, தொட்டால் சுட்டு, காய்ச்சலும் வந்தால் உள்ளே சீழ் வைத்திருக்கலாம், அன்றைக்கே கிளினிக் போக வேண்டும், நாளைக்கு என்று தள்ளக்கூடாது.

மரத்துப்போவதுதான் எனக்கு இன்னும் கவலை. முட்டிக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கத்தில் விரலை வைத்தால் ஒரு எலும்பு மொட்டு தட்டுப்படும். பாதத்தைத் தூக்குகிற நரம்பு அதைச் சுற்றித்தான் தோலுக்கு அடியில் ஓடுகிறது. உங்கள் பட்டி சரியாக அங்கே இறுகுகிறது என்று நினைக்கிறேன். பட்டியைத் தளர்த்துங்கள், இடம் மாற்றிக் கட்டுங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றாலோ, நடக்கும்போது பாதம் தரையில் இழுபட்டாலோ டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும்.

இப்போது பேட். மண்டியிட்டுச் செய்யும் வேலைக்கென்றே ஐரோப்பியத் தரம் ஒன்று உண்டு, இஎன் 14404. நல்ல சரக்கில் இந்த எண் அச்சடித்திருக்கும். அதில் வகை 1 என்றால் காலில் பட்டி போட்டுக் கட்டுவது, வகை 2 என்றால் வேலை பேண்ட்டின் முட்டிப் பாக்கெட்டில் சொருகுவது, வகை 3 தரையில் போடும் மேட். பக்கத்திலேயே 0, 1, 2 என்று நிலையும் இருக்கும். 0 சமதரைக்கு மட்டும், கூரானது குத்தினால் தாங்கும் என்ற உத்தரவாதம் இல்லை. உடைந்த டைல் துண்டுகளுக்கு நடுவே வேலை செய்கிற உங்களுக்குக் குறைந்தது 1 வேண்டும். 2 கரடுமுரடான இடத்துக்கு, கருங்கல் ஜல்லி மாதிரி.

உங்கள் நரம்புத் தொல்லையைப் பார்த்தால் வகை 2 தான் நான் சொல்வேன், பின்பக்கம் பட்டியே கிடையாது. ஆனால் பேண்ட்டைப் போட்டுக்கொண்டு கடையிலேயே மண்டியிட்டுப் பாருங்கள், யார் பார்த்தாலும் பரவாயில்லை. நிற்கும்போது முட்டிக்கு நேராக இருக்கிற பாக்கெட் மண்டியிட்டால் மேலே ஏறிவிடும், அந்த மாதிரி இருந்தால் அது வீண் செலவு. கட்டும் வகைதான் வேண்டும் என்றால் அகலமான, இழுபடும் பட்டியாகப் பாருங்கள். கெட்டி ஓடு வைத்தது சிமெண்ட் தரையில் நீண்ட நாள் உழைக்கும், புது டைல் மேல் வழுக்கும், கீறலும் போடும், அங்கே ரப்பர் முகம்தான் சரி. நுரையைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டு எடுங்கள். பள்ளம் அப்படியே நின்றால் அதன் ஆயுள் முடிந்தது.

கலவையின் ஈரம் பேண்ட்டை நனைத்தால் உடனே கழற்றி நிறையத் தண்ணீரில் முட்டியைக் கழுவுங்கள். ஈர சிமெண்ட் தோலை வேகவைத்துவிடும், அந்த நேரத்தில் எரியாது, சாயங்காலம்தான் தெரியும்.

முதலாளி விஷயம். நீங்கள் அவரிடம் சம்பளத்துக்கு இருக்கிறவர் என்றால், தென்னாப்பிரிக்காவின் 1993-ஆம் ஆண்டு 85-ஆம் எண் தொழில் சுகாதாரப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 23-ஐ அவருக்குக் காட்டுங்கள். பாதுகாப்புக்காகச் சட்டப்படி முதலாளி தர வேண்டியதற்குத் தொழிலாளியிடம் காசு வாங்கவோ, சம்பளத்தில் பிடிக்கவோ கூடாது. நீங்களே காண்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறவர் என்றால் அது வேறு, பேடின் விலையையும் சேர்த்து கொட்டேஷன் போடுங்கள்.

*சிவப்புத் தரை முன்வாசலுக்கு இன்னும் நான்தான் மண்டியிட்டுப் பாலிஷ் போடுகிறேன். பேரன் கட்டடக்காரர் கட்டுகிற பேட் வாங்கித் தந்தான். அதைக் கட்டினால் எழுந்திருக்கவே வரவில்லை.*
— ஒரு பாட்டி, டோங்காட்

ஆயா, அது உங்களுக்கு வேண்டாம். தோட்ட வேலைக் கடையில் இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த மண்டியிடும் பலகை கிடைக்கும், கவிழ்த்தால் ஸ்டூல் ஆகிவிடும். கைப்பிடியை ஊன்றி எழுந்திருக்கலாம். பாலிஷ் ஈரமாக இருக்கும் பக்கம் வைக்காதீர்கள், வழுக்கும்.

*நெட்பால் ஆடுகிறேன். முட்டி பேட் போட்டால் லிகமென்ட் கிழியாதா?*
— ஒரு மாணவி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

கிழிவது கிழியும். பேட் அடிக்குத்தான், திருகலுக்கு இல்லை. குதித்து இறங்கும்போது முட்டி உள்பக்கம் மடங்காமல் இறங்கப் பழகுங்கள். ஃபுட்பால்காரர்களுக்கென்று ஃபிஃபா 11+ என்ற இருபது நிமிட வார்ம்-அப் இருக்கிறது, உங்களுக்கும் ஆகும், கோச்சிடம் கேளுங்கள்.

*பைக்கில் சாப்பாடு டெலிவரி செய்கிறேன். தங்கச்சியின் ஸ்கேட்டிங் பேடை ஜீன்ஸ் மேல் கட்டிக்கொள்கிறேன். போதாதா அண்ணா? வெயிலில் லெதர் பேண்ட் முடியாது. ஞாயிற்றுக்கிழமை கிபா கார்ஜில் மலைச் சைக்கிளும் ஓட்டுவேன், ரெண்டுக்கும் ஒன்றே வாங்கலாமா?*
— வெருலம் வாசகர்

போதாது தம்பி. ஸ்கேட்டிங் பேட், நின்ற உயரத்திலிருந்து விழுகிறவருக்குச் செய்தது. 60 கிலோமீட்டர் வேகத்தில் தாரில் சறுக்கினால் முதல் உரசலிலேயே பட்டி பிய்த்துக்கொண்டு போய்விடும். ஹெல்மெட்டைத்தான் சட்டம் கேட்கிறது, கால் உங்கள் பொறுப்பு.

பைக் பேடுக்கு இஎன் 1621-1 என்ற எண்ணைத் தேடுங்கள். கூடவே கே என்ற எழுத்து இருந்தால் முட்டிக்கு, எல் என்றால் கணைக்காலுக்கு. நிலை 1 பேடை இடித்துச் சோதிக்கும்போது அடியில் வந்து சேரும் விசை சராசரியாக 35 கிலோநியூட்டனைத் தாண்டக் கூடாது, நிலை 2 என்றால் 20, அதாவது காலுக்கு வந்து சேரும் அடி இன்னும் குறைவு. மெத்தென்று இருந்து அடிபட்டால் இறுகும் பொருளில் செய்தவை சூட்டில் இளகக்கூடும், அதனால் 40 டிகிரியில் சோதித்ததற்கு அடையாளமான டி+ (T+) குறியும் இருந்தால் நம் ஊர் ஜனவரி வெயிலுக்கு நல்லது.

மலைச் சைக்கிள் முட்டி பேடிலும் இதே எண் போட்டவை நிறைய வருகின்றன. அதனால் உள்ளே அணிகிற மாதிரி ஒன்று வாங்கினால் இரண்டுக்கும் ஓடும். ஆனால் பேட் எலும்புக்குத்தான், தோலுக்கு இல்லை. சாதாரண ஜீன்ஸ் தாரில் நொடியில் ஓட்டையாகிவிடும். பைக்கில் போகும்போது மேலே இஎன் 17092 குறி போட்ட, காற்றுப் புகுகிற மெஷ் பேண்ட் போடுங்கள். அதில் ஏஏஏ உசத்தி, பிறகு ஏஏ, பிறகு ஏ. லெதர் அளவுக்குப் புழுங்காது. டேக்கிஸை (துணி ஷூவை) விட்டுவிட்டுக் கணுக்காலை மூடும் பூட்ஸுக்கும் கொஞ்சம் காசு ஒதுக்குங்கள்.

பேண்ட்டைக் கடை வாசலில் நிற்கும் உங்கள் பைக் மேலேயே உட்கார்ந்து சோதியுங்கள், உட்காரும்போது பேட் முட்டியை மூட வேண்டும். கடிதத்தில் இடுப்பளவை எழுதியிருக்கிறீர்கள், முட்டி பேடுக்கு அது உதவாது. தொடையையும் கெண்டைக்காலின் பருத்த இடத்தையும் டேப்பால் அளந்து, சென்டிமீட்டரில் எழுதிக்கொண்டு போங்கள். தொடையை முட்டிக்கு எவ்வளவு மேலே அளப்பது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அட்டவணையைப் பார்த்துவிட்டு அளங்கள்.