ப்ரா, ப்ராவோ, ப்ராவ்: சொல் கேளுங்க

கேள்வி: நார்வேல இருக்கற என் அண்ணன் பையன் போனை வைக்கும்போதெல்லாம் "ஹா டே ப்ரா"ங்கறான், கேட்டா நல்லாயிருங்கன்னு அர்த்தமாம். இந்த ப்ராவும் பாட்டுக் கச்சேரியில கத்துற "ப்ராவோ"வும் ஒண்ணா? (வாசகி, மதுரை)

பதில்: ஒரே வம்சம்தாங்க. ஸ்வீடன், நார்வே ரெண்டு நாட்டுலயும் ப்ரான்னா நல்லது, நல்லா. எப்படி இருக்கீங்கன்னா "ப்ரா, தாக்", நல்லாருக்கேன் நன்றி. ஸ்வீடன்ல கடைக்காரர் வேற ஏதாவது வேணுமான்னு கேட்டா "டே எ ப்ரா சோ"ன்னா போதும், இது சரின்னு அர்த்தம். ஸ்வீடிஷ்ல பெரும்பாலான பெயரடைங்க பாலுக்கும் எண்ணுக்கும் தகுந்த மாதிரி வால் மாத்திக்கும், ஆனா இந்த ப்ரா புத்தகமோ வீடோ ஒண்ணோ பத்தோ எதுக்குமே மாறாது. இது வெளியூர்லேர்ந்து வந்த சொல், 17ஆம் நூற்றாண்டு வாக்குல ஜெர்மன், பிரெஞ்சு வழியா உள்ள வந்தது.

பிரெஞ்சுக்கு இத்தாலியன்லேர்ந்து வந்துச்சு. இத்தாலியன்ல ப்ராவோன்னா கெட்டிக்காரன். ஓப்பராங்கற இசை நாடகத்துல ஆம்பளை பாடினா ப்ராவோ, பொம்பளை பாடினா ப்ராவா, பல பேர்னா ப்ராவி. ஆனா 16, 17ஆம் நூற்றாண்டுல மிலான் பக்கம் "ப்ராவி"ன்னா ஊரே நடுங்கும், பணக்காரங்க கூலிக்கு வெச்சிருந்த அடியாளுங்களுக்கு அதான் பேரு!

கேள்வி: அடியாளுக்கும் நல்லவனுக்கும் எப்படி ஒரே சொல்? (வாசகர், திருச்சி)

பதில்: இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். இதோட வேர் லத்தீன் "பார்பருஸ்", அதாவது நாகரிகமில்லாதவன், முரடன்ங்கறதுதான் பல அறிஞர்களோட கருத்து. கோணலானதுங்கற அர்த்தமுள்ள "ப்ராவுஸ்"ங்கற இன்னொரு லத்தீன் சொல்லும் கலந்திருக்கும்னு சிலர் சொல்றாங்க. பார்பருஸ் கிரேக்கத்துலேர்ந்து வந்தது, அந்நியங்க பேசறது கிரேக்கங்க காதுல "பர் பர்"னு விழுந்துச்சாம், அதான் பேராயிடுச்சு.

அந்தப் பழைய முரட்டுத்தனத்தை இன்னிக்கும் விடாம வெச்சிருக்கறது ஸ்பானிஷ்தான். முட்ட வர்ற சண்டைக் காளை "டோரோ ப்ராவோ", கொந்தளிக்கிற கடலும் ப்ராவோ, காரமான சாஸ் ஊத்தின உருளைக்கிழங்கு வறுவல் "படாடாஸ் ப்ராவாஸ்". ஸ்பெயினோட கேட்டலோனியா பகுதில பாறையும் செங்குத்துச் சரிவுமா இருக்கற கடற்கரைக்கு 1908ல ஃபெர்ரான் அகுல்யோங்கற பத்திரிகையாளர் "கோஸ்டா ப்ராவா"ன்னு பேரு வெச்சார், காட்டுக் கடற்கரைன்னு சொல்லலாம், அந்த இடத்தை போட்டோவுல பாத்தாலே பேரு எவ்வளவு பொருத்தம்னு புரிஞ்சிடும். போர்ச்சுகீஸ் பேசற பிரேசில் போனாலும் யாராவது "ப்ராவோ"வா இருக்காங்கன்னா கோவமா இருக்காங்கன்னு அர்த்தம், பாராட்டுன்னு நெனச்சு சிரிச்சிடாதீங்க.

முரடனுக்குப் பயமில்லை, பயமில்லாதவன் வீரன், வீரன் நல்லவன், இப்படித்தான் படிப்படியா அர்த்தம் மாறிருக்கு. அந்தப் படி பிரெஞ்சுல இன்னிக்கும் கண்ணுக்குத் தெரியுது. "அன் ஓம் ப்ராவ்"னா வீரமான ஆளு, அதையே முன்னாடி தூக்கிப்போட்டு "அன் ப்ராவ் ஓம்"னா நல்ல மனுஷன். ஜெர்மன்ல "ப்ராஃப்"னா சொன்னபடி கேக்குற குழந்தை, சாதுவான நாய். ஸ்பெயின்ல காளைக்குச் சொன்ன அதே சொல்லுங்க இது! வடக்க போகப் போக முரடெல்லாம் தேஞ்சு ஸ்வீடன்ல வெறும் "நல்லது" மட்டும் மிஞ்சியிருக்கு.

கேள்வி: கேக்கக் கூச்சமா இருக்கு, உள்ளாடை ப்ராவும் இதுதானா? (வாசகி, கோவை)

பதில்: இதுல கூச்சம் எதுக்கு? இதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. அது "ப்ராசியேர்"ங்கற பிரெஞ்சு சொல்லோட சுருக்கம், இங்கிலீஷ்காரங்க சுருக்கினது, அதுக்குள்ள இருக்கற "ப்ரா" பிரெஞ்சுல கை. பிரான்ஸ்லயே அந்த உள்ளாடைக்கு இப்போ "சூத்தியாங் கோர்ஜ்"னுதான் பேரு. ஸ்வீடன் கடைல போய் ப்ரா வேணும்னா புரியாது, "பேஹோ"ன்னு கேக்கணும்.