பழைய வேட்டை வில்லை மாற்றிப் புதிது வாங்கலாமா?

அமெரிக்காவில் இருக்கும் மாமா கொடுத்த, 70 பவுண்டு இழுவிசையுள்ள வேட்டை காம்பவுண்ட் வில் (இரு நுனியிலும் சக்கரம் வைத்தது) கையில் இருக்கிறது, புது மாடல் இன்னும் வேகமாம், மாற்றலாமா என்று கிருஷ்ணகிரியில் இருந்து கேட்டிருக்கிறீர்கள். நான் ஓசூரில் இலக்குப் பலகையில் எய்கிறவன். என்னைக் கேட்டால், இப்போதைக்கு வேண்டாம்.

அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காட்டுப் பக்கம் அந்த வில்லோடு தலைகாட்டாதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். (நம் பக்கத்து நடுகல்லில் வில்லோடு நிற்கும் வீரனைப் பார்த்துக் கை துறுதுறுத்தால், அதோடு நிற்கட்டும்.) ஆக உங்களுக்கும் பலகைதான். பலகை எங்கும் ஓடிப்போகாது, வேகம் எதற்கு?

அந்த வேகமும் உங்கள் கைக்கு வராது. விளம்பரத்தில் போடும் எண் பெரும்பாலும் 70 பவுண்டு, 30 அங்குல இழுப்பு (நாணைப் பின்னுக்கு இழுக்கும் நீளம்), 350 கிரெய்ன் (சுமார் 23 கிராம்) அம்பு என்று வைத்து அளந்தது. கைகளை விரித்து, விரல்நுனிக்கு விரல்நுனி அங்குலத்தில் அளந்து 2.5ஆல் வகுத்துப் பாருங்கள், அதுதான் உங்கள் இழுப்பு. ஐந்தரை அடி ஆளுக்கு 26, 27தான் தேறும். இழுப்பு ஓர் அங்குலம் குறைந்தால் நொடிக்குச் சுமார் 10 அடி போய்விடும்.

அதனால் இருக்கிற வில்லையே பாருங்கள். லிம்ப் (வில்லின் வளையும் கை) மேல் பஞ்சை மெதுவாக ஓட்டுங்கள்; நூல் சிக்கினால் அங்கே சிலாம்பு கிளம்பியிருக்கிறது, அதற்குமேல் அந்த வில்லை இழுக்கவே கூடாது. நாண் பிசிறடித்திருந்தால் நாணையும் கேபிளையும் (சக்கரங்களை இணைக்கும் கயிறு) சேர்த்தே மாற்றுங்கள். வில் பிரஸ் (லிம்பை அழுத்திப் பிடிக்கும் கருவி) இல்லாமல் வீட்டில் கழற்றாதீர்கள், பெங்களூரு பக்கத்தில்தானே இருக்கிறது, அங்கே கொடுத்து மாற்றுங்கள். அப்புறம், சித்திரை வெயிலில் கார் டிக்கியில் வைக்கிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், நாண் இழுபட்டு கேம் (நுனிச் சக்கரம்) இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது.

லிம்ப் போயிருந்தாலோ, கேம் உங்கள் இழுப்பு அளவுக்கு இறங்காவிட்டாலோ மாற்றத்தான் வேண்டும். போட்டி ஆசை இருந்தாலும் சரி. உலக வில்வித்தைக் கூட்டமைப்பின் விதிப்படி காம்பவுண்டுக்கு 60 பவுண்டுதான் உச்சம். 50 மீட்டரில் 80 சென்டிமீட்டர் இலக்கு. 70 பவுண்டு வில்லை லிம்பைப் பிடித்திருக்கும் இரு போல்ட்டையும் சமமாகத் தளர்த்தி 60க்குக் கொண்டுவரலாம், ஆனால் வேட்டை வில்லின் குட்டை உடம்பு கையில் ஆடும். அப்படி வாங்குவதாக இருந்தால் கேமின் அச்சுக்கு அச்சு 36 அங்குலத்துக்கு மேல் நீளமுள்ள இலக்கு வில்லாகப் பார்த்து வாங்குங்கள். இன்னொரு வேட்டை வில் வேண்டாம்.