பெங்களூரு அல்சூரிலிருக்கும் டாக்ஸ்ஹண்ட் நாய் கூப்பிட்டால் வராதது பற்றி

சார், பூங்காவில் கயிற்றைக் கழற்றிவிட்டால் உங்கள் 8 மாதக் குட்டி புதருக்குள் ஓடிவிடுகிறது, கூப்பிட்டால் வருவதில்லை, திரும்பி வந்ததும் ஒரு அடி போடுகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். முதலில் அந்த அடியை நிறுத்துங்கள். ஓடியதற்கு அடி என்று அதற்குப் புரியாது, உங்களிடம் வந்தால் அடி விழும் என்றுதான் பதியும்.

ஜெர்மனியில் பேட்ஜர் என்ற வளை தோண்டும் விலங்கின் வளைக்குள் தனியாகப் புகுந்து, எஜமானின் குரல் எட்டாத இடத்தில் தானே முடிவெடுக்க வளர்த்த இனம் இது. வாசனை பிடித்துவிட்டால் காது கேட்காது, அது திமிர் இல்லை.

10 மீட்டர் நீளக் கயிறு வாங்குங்கள். கழுத்துப் பட்டைக்குப் பதிலாக ஹார்னெஸில் (மார்பைச் சுற்றிப் போடும் பட்டை) மாட்டி, பெயரை ஒரே ஒரு முறை கூப்பிட்டு, வந்ததும் வேகவைத்த கோழித் துண்டு கொடுங்கள். முதலில் வீட்டுக்குள், அப்புறம் மாடியில், கடைசியில்தான் பூங்கா. என் பெண் நாய்க்கு (அவளும் டாக்ஸ்ஹண்ட்தான்) இது பழக 5 மாதம் ஆனது. இன்றும் தெருவில் கயிறில்லாமல் விடுவதில்லை, அணிலைப் பார்த்தால் வண்டி வருவது அவளுக்குத் தெரியாது.

சோஃபாவிலிருந்து குதிக்கிறது என்றீர்களே, எனக்கு அதுதான் பெரிய கவலை. நீண்ட முதுகு, முதுகெலும்பு வட்டு நழுவும் ஆபத்து இந்த இனத்துக்கு அதிகம். சாய்பலகை வையுங்கள், படியில் தூக்கிக்கொண்டு இறங்குங்கள், எடை கூட விடாதீர்கள். பின்னங்கால் தள்ளாடினால் காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள்.