அம்மா ஹீட்டரைப் போட மறுக்கிறார்

கேள்வி: அப்பா போன பிறகு அம்மா (70) பிரிட்டனில் சொந்த வீட்டில் தனியாக இருக்கிறார். ஓய்வூதியம் வாரம் 145 பவுண்டுதான். நான் போகிற அன்று மட்டும் ஹீட்டர் ஓடுகிறது. பணம் கொடுத்தால் வாங்குவதில்லை. அரசு உதவி கேட்போம் என்றால், "வீட்டைப் பறித்துக்கொள்வார்கள்" என்கிறார். என்ன செய்வது?

பதில்: அன்புள்ள சகோதரி, முதலில் அந்தப் பயத்தைத் தீர்த்துவிடுவோம். அம்மா கேட்க வேண்டியது பென்ஷன் கிரெடிட், அதாவது வருமானம் குறைந்த ஓய்வூதியர்களுக்கு அரசு தரும் கூடுதல் தொகை. அதற்கு, குடியிருக்கும் வீடு கணக்கிலேயே வராது. யாரும் பறிக்கவும் மாட்டார்கள். 10,000 பவுண்டு வரையிலான சேமிப்பையும் பார்ப்பதில்லை. ஆனால் ஊரில் காணி இருந்தால் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

2025-26 கணக்குப்படி, தனியாக இருப்பவரின் வார வருமானத்தை இது 227.10 பவுண்டு வரை உயர்த்தும். வேறு வருமானம் இல்லையென்றால் அம்மாவுக்கு வாரம் 82 பவுண்டு கூடுதலாக வரும். தகுதி இருந்திருந்தால் மூன்று மாதம் பின்தேதியிட்டும் கேட்கலாம். மின்கட்டண பில் அம்மா பெயரில் இருந்தால், குளிர்காலத்தில் 150 பவுண்டு தள்ளுபடிக்கும் இதுவே வழி. இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. இன்றைய விதிப்படி முழு ஓய்வூதியத்துக்கு 35 ஆண்டுகள் தேசியக் காப்பீட்டுக் கணக்கில் இருக்க வேண்டும். நடுவயதில் வந்து இறங்கியவர்கள் எத்தனை உழைத்தாலும் அதை எட்டுவது எங்கே?

அப்புறம் ஒன்று, கோபிக்க வேண்டாம். விண்ணப்பத்துக்கு நீங்கள் மொழிபெயர்க்காதீர்கள். மகள் பக்கத்தில் இருந்தால் எந்த அம்மாவும் "எனக்கென்ன குறை, சமாளிக்கிறேன்" என்றுதான் சொல்வார். குளிக்கக் கஷ்டம், படி ஏற முடியவில்லை என்பதெல்லாம் வெளியே வராது. தொலைபேசியில் விண்ணப்பிக்கும்போது தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், ஏற்பாடு செய்வார்கள். அல்லது சிட்டிசன்ஸ் அட்வைஸ், ஏஜ் யூகே போன்ற ஆலோசனை அமைப்புகளில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் வெளியே போய்த் தேநீர் குடியுங்கள். ஆலோசனைக்குக் காசு இல்லை.

உடம்பு விஷயம் தனி உதவிக்கும் வழி திறக்கும். குளிக்க, உடுத்த இன்னொருவர் கை தேவைப்பட்டு ஆறு மாதம் ஆகியிருந்தால் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் கேட்கலாம். அதற்கு வருமான வரம்பே கிடையாது. கிடைத்தால் பென்ஷன் கிரெடிட் குறையாது, கூடவும் செய்யலாம். படிவத்தில் நல்ல நாளை எழுதாமல், முழங்கால் மடங்காத நாளில் என்ன நடக்கிறது என்பதை எழுதச் சொல்லுங்கள்.

ஊருக்குப் போய் மாதக்கணக்கில் தங்கும் பழக்கம் அம்மாவுக்கு உண்டா? வெளிநாட்டில் நான்கு வாரத்துக்கு மேல் இருந்தால் பென்ஷன் கிரெடிட் பொதுவாக நின்றுவிடும். டிக்கெட் எடுக்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: பெற்றோரை ஸ்பான்சர் செய்து அழைத்து ஐந்து ஆண்டு ஆகவில்லையென்றால், குடிவரவு ஆலோசகரைக் கேட்காமல் எதற்கும் விண்ணப்பிக்க வேண்டாம்.